புது க்வில்ட்டுக்கு முன்னால் ஒரு வெள்ளோட்டம்

பாட்டியின் சுங்குடிப் புடவைகள் இரண்டு என்னிடம் இருக்கின்றன. ஒன்று அரக்கு, இன்னொன்று சந்தன நிறம். இரண்டும் வருடக்கணக்காகத் துவைத்துத் துவைத்து மல் துணி மாதிரி மெத்தென்று ஆகிவிட்டவை. மகள் ஜூனில் புனேக்குப் படிக்கப் போகிறாள். அங்கே டிசம்பர், ஜனவரி இரவுகள் நம் மும்பை மாதிரி இருக்காது, குளிரும், அதனால் இரண்டையும் சேர்த்து ஹாஸ்டல் கட்டிலுக்கு ஒரு க்வில்ட், அதாவது துணித்துண்டுகளைச் சேர்த்து மூன்றடுக்காகத் தைக்கிற போர்வை, தைத்துக் கொடுக்கலாம் என்று எடுத்து வைத்தேன். எடுத்து வைத்து மூன்று வாரம் ஆகிறது. மாட்டுங்காவில் எங்கள் வீட்டு மேஜைமேல் இரண்டும் இன்னும் மடித்தபடிதான் கிடக்கின்றன, உள்முனையிலிருந்து கொஞ்சம் வெட்டியதைத் தவிர. இந்த மூன்று வாரமும் நான் செய்தது வெள்ளோட்டம். க்வில்ட்டைத் தொடங்கும் முன்னால், அதில் திரும்பத் திரும்ப வருகிற சதுரமான பிளாக்கை நாலைந்து தடவை தைத்து, அளந்து, துவைத்துப் பார்ப்பது. நேற்றுதான் முடிந்தது, கையோடு எழுதிவிடுகிறேன்.

நாலு வருடத்துக்கு முன்னால் என் முதல் க்வில்ட்டுக்கு இதைச் செய்யவில்லை. படத்தைப் பார்த்தேன், அளவைக் குறித்துக்கொண்டேன், ஒரே ஞாயிற்றுக்கிழமையில் மொத்தத் துணியையும் சதுரம் சதுரமாக வெட்டி அடுக்கிவிட்டேன். தைத்த பிளாக் 9½ அங்குலம் வர வேண்டும், எல்லாமே 9¼ வந்தது. ஒரு பிளாக்கைத் தனியாகப் பார்த்தால் கால் அங்குலம் பெரிதாகத் தெரியாது. ஆனால் பிளாக்குகளுக்கு நடுவில் வருகிற பட்டைகளையும் முன்கூட்டியே 9½ அங்குலத்துக்கு வெட்டி வைத்திருந்தேன், சேர்க்கும்போது ஒவ்வொரு பட்டையும் கால் அங்குலம் நீண்டு நின்றது, சமாளித்து இழுத்துப் பிடித்துத் தைத்தேன், முடித்து விரித்தால் போர்வை முழுக்கச் சுருக்கம். இஸ்திரிக்கும் மசியவில்லை. அது கடையில் வாங்கிய துணி, வேண்டுமென்றால் மறுபடி போய் வாங்கிக்கொள்ளலாம். பாட்டியின் புடவைக்கு அந்த வழி கிடையாது.

வெள்ளோட்டம் என்றதும் பலரும் கைக்குக் கிடைத்த வெட்டுத்துணியில் ஒரு பிளாக் தைத்துப் பார்த்து, வடிவம் சரியாக வருகிறது என்று திருப்தியாகி, அப்படியே நல்ல துணியை வெட்டப் போய்விடுகிறார்கள். அது பாதி வேலைதான். வடிவம் சரியா என்பதைக் காகிதத்தில் வரைந்தே தெரிந்துகொள்ளலாம். நாம் தெரிந்துகொள்ள வேண்டியது வேறு: என் கை, என் மெஷின், இந்த ஊசி, இந்தத் துணி, இவை நாலும் சேர்ந்தால் என்ன அளவு வருகிறது. அதனால் முதல் பிளாக்கை வேறு துணியில் தையுங்கள், தப்பில்லை, அது துண்டுகளை எந்த வரிசையில் சேர்ப்பது என்று கை பழகுவதற்கு. அடுத்த பிளாக்குகளை, நெஞ்சு கேட்காவிட்டாலும், க்வில்ட்டுக்கு எடுத்து வைத்திருக்கிற அதே துணியில்தான் தைக்க வேண்டும்.

துணி போதுமா என்ற பயம் வரும். கணக்குப் போட்டால் போய்விடும். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

இரண்டு நூல்

அளவை நான் நூல் கணக்கில் சொல்லப்போகிறேன். ஆசாரியும் கொத்தனாரும் சொல்வார்களே, அதே நூல்தான், ஒரு அங்குலத்துக்கு எட்டு. இங்கே மும்பைத் தச்சர்கள் அதையே 'சூத்' என்பார்கள், அதற்கும் அர்த்தம் நூல்தான். இஞ்ச் டேப்பில் அங்குலத்தை எட்டாகப் பிரித்திருக்கிற சின்னக் கோடுகளைப் பார்த்தால் போதும். க்வில்ட் தையலில் துணி ஓரத்திலிருந்து விடுகிற அளவு கால் அங்குலம், அதாவது இரண்டு நூல். பிளவுஸ் தைத்துப் பழகிய கைக்கு இது ரொம்பக் குறைச்சலாகத் தெரியும், நாமெல்லாம் பின்னால் பிரித்து விடலாம் என்று பக்கத்தையலில் ஒரு அங்குலம்கூட உள்ளே விட்டுப் பழகியவர்கள். இதில் அந்தத் தாராளம் கூடாது.

ஏன் இவ்வளவு கறார் என்றால், தப்பு கூடிக்கொண்டே போகும். என் க்வில்ட்டில் நீளவாக்கில் 9 பிளாக், ஒரு பிளாக்கில் 3 கட்டம், ஆக 27 கட்டம், நடுவில் 26 தையல். ஒரு தையலில் இரண்டு துண்டு சேர்கிறது. தையல் அரை நூல் உள்ளே தள்ளிப் போனால் இரண்டு துண்டிலுமாகச் சேர்ந்து ஒரு நூல் போய்விடும். 26 தையலில் 26 நூல், மூன்றே கால் அங்குலம். அதுவும் எல்லாத் தையலும் ஒரே மாதிரி தப்பினால்தான் இந்தக் கணக்கு. ஒன்று கூடி ஒன்று குறைந்தால் போர்வை சின்னதாவதோடு நிற்காது, கோணலாகவும் ஆகும்.

இன்னொரு சூட்சுமம் இருக்கிறது. இரண்டு துண்டைச் சேர்த்துத் தைத்து, தையலை ஒரு பக்கமாகப் படுக்க வைத்து இஸ்திரி போடும்போது, அந்த மடிப்பிலேயே ஒன்றிரண்டு இழை அளவுக்குத் துணி போகும். தடிமனான கதரில் அதிகம் போகும், பாட்டியின் சுங்குடி மாதிரி மெல்லிய துணியில் கொஞ்சம்தான் போகும். அதனால் தைக்க வேண்டியது முழு இரண்டு நூல்கூட இல்லை, அதற்கு ஒரு மயிரிழை குறைவு. எவ்வளவு குறைவு என்பதைத் துணிதான் சொல்லும்.

இதைப் பிடிக்க நான் கண்டுகொண்ட சுலபமான வழி, ஸ்டேஷனரி கடையில் கிடைக்கிற பள்ளிக்கூட கிராஃப் தாள். அதில் சின்னக் கட்டம் ஒவ்வொன்றும் 1 மில்லிமீட்டர். கால் அங்குலம் என்பது 6.35 மில்லிமீட்டர், நமக்கு வேண்டியது அதைவிடக் கொஞ்சம் குறைவு, அதாவது கிட்டத்தட்ட 6. தாளைத் தடித்த கோட்டின் மேலேயே நேராக வெட்டுங்கள். ஓரத்திலிருந்து ஆறாவது கோட்டில் ஊசி இறங்குகிற மாதிரி வைத்து, மெஷினில் நூல் கோக்காமல், கைச்சக்கரத்தை மெல்லச் சுற்றி நாலைந்து ஓட்டை போடுங்கள். ஓட்டைகள் கோட்டின் மேலேயே விழுந்திருந்தால் தாளை அப்படியே ஊசியில் நிறுத்தி வைத்து, தாளின் ஓரத்தை ஒட்டி மெஷின் தட்டில் மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். ஒரு அடுக்கு போதாது. நாலைந்து அடுக்கு ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டினால் சின்னச் சுவர் மாதிரி நிற்கும், துணி ஓரம் அதில் இடித்துக்கொண்டே போகும், கண் ஊசியைப் பார்க்க வேண்டியதில்லை. துணியைத் தள்ளுகிற பல்லை டேப் மூடிவிடக் கூடாது, அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். கால் அங்குலத்துக்கென்றே தனி ஃபுட் (ஊசிக்குக் கீழே துணியை அழுத்திப் பிடிக்கிற பாகம்) விற்கிறார்கள், என்னிடமும் ஒன்று இருக்கிறது, இருந்தாலும் என் பழைய உஷா மெஷினில் டேப் சுவர்தான் நன்றாக வேலை செய்கிறது.

துணியை முதலில் பழக்க வேண்டும்

பழைய புடவை என்றால் எல்லா இடமும் ஒரே பலத்தில் இருக்காது. இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் கீழ்வீட்டு மாவ்ஷி (மராத்தியில் சித்தி). அவர் கோதடி தைப்பவர், பழைய புடவைகளை அடுக்கி, கையாலேயே வரிவரியாக ஓட்டுத்தையல் போட்டுக்கொண்டு போவார், அளவுக்கு டேப்பே எடுக்க மாட்டார். என் புடவையைப் பார்த்ததும் ஜன்னல் பக்கம் கொண்டுபோய் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தார். இழை நைந்த இடங்கள் வலை மாதிரி தெரிந்தன. அப்புறம் இரண்டு கட்டைவிரலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெளிப்பக்கமாக அழுத்தி இழுத்தார். நல்ல இடத்தில் துணி விறைத்து நின்றது, நைந்த இடத்தில் இழை விலகி 'சர்' என்று ஒரு சின்னச் சத்தம் வந்தது. அப்படிப்பட்ட இடங்களையெல்லாம் சாக்பீஸால் வட்டம் போட்டு ஒதுக்கிவிட்டோம். கொசுவம் வருகிற இடத்திலும் கால் படுகிற ஓரத்திலும்தான் அதிகம் இருந்தது.

புதுத்துணி என்றால் வெட்டும் முன்னால் துவைத்தே ஆக வேண்டும். 10 அங்குலச் சதுரம் ஒன்று வெட்டி, நாலு பக்கமும் அளந்து குறித்து, துவைத்துக் காய வைத்து மறுபடி அளந்தால் எவ்வளவு சுருங்குகிறது என்று தெரிந்துவிடும். நீளத்திலும் அகலத்திலும் ஒரே அளவு சுருங்காது, இரண்டையும் தனித்தனியாகக் குறியுங்கள். சாயத்துக்கு, ஈரத்துணியை வெள்ளைத் துணிமேல் வைத்துச் சூடான இஸ்திரிப் பெட்டியால் அழுத்திப் பாருங்கள். வெள்ளையில் நிறம் ஒட்டினால் அந்தத் துணிக்கு இன்னும் அலசல் வேண்டும். கல்லுப்பு போட்டு ஊற வைத்தால் சாயம் நிற்கும் என்று வீட்டில் சொல்வார்கள். நான் செய்து பார்த்ததில் உப்பால் எதுவும் நிற்கவில்லை, திரும்பத் திரும்ப அலசி உபரிச் சாயம் போனதும்தான் நின்றது.

அடுத்தது கஞ்சி. மெல்லிய துணி வெட்டும்போது நழுவும், குறுக்காக வெட்டினால் ஓரம் இழுபடும், இரண்டுக்கும் நம் வீட்டுக் கஞ்சியைவிட நல்ல மருந்து இல்லை. சோறு வடித்த கஞ்சியைத் துணியில் வடிகட்டி, நீர்மோர் பதத்துக்குத் தண்ணீர் விட்டு, புடவைத் துண்டை அதில் முக்கிப் பிழிந்து நிழலில் உலர்த்துங்கள். முழுக்கக் காயும் முன்னால், தொட்டால் ஈரம் தெரிகிற பதத்தில் இஸ்திரி போட்டால் துணி காகிதம் மாதிரி நிற்கும். ஆனால் இரண்டு மூன்று நாளில் வெட்டித் தைக்கப்போகிற அளவுக்கு மட்டும் போடுங்கள். கஞ்சித் துணியை அலமாரியில் வைத்தால் ராமபாணப் பூச்சி வரும், மும்பை மழைக்காலத்தில் பூஞ்சையும் பிடிக்கும். க்வில்ட் முடிந்ததும் ஒரு தடவை துவைத்துக் கஞ்சியை எடுத்துவிட வேண்டும்.

மூன்று பட்டைகள்

பிளாக்குக்கு முன்னால் இதைச் செய்யுங்கள். பத்து நிமிஷ வேலை. 1½ அங்குல அகலம், 4 அங்குல நீளத்தில் மூன்று பட்டை, நடுவில் அரக்கு, இரண்டு பக்கமும் சந்தனம். நீளவாக்கில் சேர்த்துத் தைத்து, தையலை அரக்குப் பக்கமாகப் படுக்க வைத்து இஸ்திரி போட்டு, அந்த நடுப்பட்டையை அளங்கள். சரியாக 1 அங்குலம் இருக்க வேண்டும், மொத்த அகலம் 3½ அங்குலம். நடுப்பட்டை அரை நூல் குறைந்தால் இரண்டு தையலும் ஆளுக்குக் கால் நூல் உள்ளே போயிருக்கின்றன என்று அர்த்தம், டேப் சுவரை ஊசிப் பக்கம் அந்த அளவு நகர்த்துங்கள். கூடுதலாக இருந்தால் வெளியே நகர்த்துங்கள். சரியாக வருகிற வரை புதுப் பட்டைகள் வெட்டித் தைக்க வேண்டும். எனக்கு லைனிங் துணியில் முதல் தடவையே 1 அங்குலம் வந்தது. அதே டேப் சுவரில் சுங்குடியைத் தைத்தபோது நடுப்பட்டை 1 அங்குலத்துக்கு மேல் அரை நூல் நின்றது. வெறும் வெட்டுத்துணியில் சோதித்துவிட்டு நேரே புடவைக்குப் போயிருந்தால் இது தெரிந்திருக்காது.

அளப்பதில் ஒரு விஷயம். துணி டேப் பழசானால் நீண்டுவிடும், அதை நம்பாதீர்கள். ஸ்டீல் ஸ்கேலோ அக்ரிலிக் ஸ்கேலோ ஒன்றை வைத்துக்கொண்டு, வெட்டுவதிலிருந்து கடைசி பிளாக் வரைக்கும் அதே ஸ்கேலால் அளங்கள். இரண்டு ஸ்கேலைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கோடுகள் ஒன்றாக நிற்காமல் இருப்பதும் உண்டு. அட்டையில் வார்ப்புரு வெட்டி அதைச் சுற்றிப் பென்சிலால் வரைகிறவர்கள், பென்சில் கோட்டின் உள்பக்கத்தில் வெட்ட வேண்டும், கோட்டின் தடிமனும் அளவுதான்.

மெல்லிய சுங்குடிக்கு 11ஆம் நம்பர் ஊசி, சாதாரண காட்டனுக்கு 14. தையல் அங்குலத்துக்கு 12 போல இருக்கட்டும். இதில் ரிவர்ஸ் தையல் போடுவதில்லை, ஒரு தையலின் நுனியை அடுத்த தையல் வந்து பிடித்துக்கொள்ளும், அதனால்தான் நெருக்கமாக வேண்டும். ஆரம்பிக்கும்போது முதலில் ஒரு சின்ன வெட்டுத்துணியில் தையலைத் தொடங்கி, நூலை அறுக்காமல் அப்படியே நல்ல துண்டுக்குள் ஓட்டுங்கள். அப்படிச் செய்யாததால் என் முதல் பிளாக்கில் ஒரு முக்கோண நுனியை மெஷின் உள்ளே இழுத்துக் கிழித்துவிட்டது.

பிளாக்

நான் எடுத்துக்கொண்டது ஃப்ரெண்ட்ஷிப் ஸ்டார். மூன்றுக்கு மூன்று, ஒன்பது கட்டம். நடுவில் அரக்குச் சதுரம், நாலு மூலையிலும் சந்தனச் சதுரம், மீதி நாலு கட்டத்தில் பாதி அரக்கு பாதி சந்தனமாக இருநிறச் சதுரம். சேர்த்தால் காத்தாடி மாதிரி சுழல்கிற நட்சத்திரம் வரும். தைத்து முடிந்த பிளாக் 9 அங்குலம், ஓரத்தில் சேர்ப்பதற்கு விட்டதோடு 9½. நீங்கள் எந்த பிளாக் எடுத்தாலும் இந்த மாதிரி அதில் கஷ்டமான துண்டு எது என்று பார்த்து அதைத்தான் அதிகம் பழக வேண்டும். இதில் அது இருநிறச் சதுரம்.

அரக்கில் ஒரு சதுரம், சந்தனத்தில் ஒரு சதுரம், இரண்டும் 4 அங்குலம். நல்ல பக்கங்கள் உள்ளே வரும்படி ஒன்றன்மேல் ஒன்று வைத்து, மூலைக்கு மூலை பென்சில் கோடு போட்டு, கோட்டின் இரண்டு பக்கமும் இரண்டு நூல் தள்ளித் தைத்து, கோட்டின் மேலேயே வெட்டினால் இரண்டு இருநிறச் சதுரம் கிடைக்கும். கணக்குப்படி 3 அங்குலம் 7 நூல் வெட்டினாலே 3½ வந்துவிடும். நான் ஒரு நூல் கூட்டி 4 அங்குலமாக வெட்டிக்கொள்கிறேன், பின்னால் ஸ்கேலின் 45 டிகிரிக் கோட்டைத் தையல்மேல் வைத்து நாலு பக்கமும் சீவி 3½ ஆக்கலாம். சீவுகிற வேலை அலுப்பாக இருக்கும், ஆனாலும் விட்டுவிடாதீர்கள். தையல் கோடு சரியாக மூலைக்கு மூலை ஓடுகிறதா என்று அப்போதுதான் தெரியும்.

இஸ்திரியில்தான் இருநிறச் சதுரம் கெட்டுப்போகும். குறுக்குவாட்டத்தில் வெட்டிய ஓரமும் தையலும் தேய்த்தால் இழுபடும். பெட்டியை வையுங்கள், எடுங்கள், பக்கத்தில் மறுபடி வையுங்கள். சட்டை தேய்க்கிற மாதிரி இழுக்கக் கூடாது. பிரிக்கும் முன்னால் தைத்தபடியே ஒரு தடவை தையல்மேல் பெட்டியை வைத்து எடுத்தால் நூல் துணிக்குள் அமுங்கும், அப்புறம் பிரித்து அரக்குப் பக்கமாகப் படுக்க வையுங்கள், சந்தனத்துக்கு அடியில் அரக்கு தெரியாது.

ஒன்பது துண்டையும் மேஜைமேல் அடுக்கி போனில் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். நாலு இருநிறச் சதுரமும் ஒரே திசையில் சுழல வேண்டும், எழுந்து மெஷினுக்குப் போகிற இடைவெளியில் ஒன்று திரும்பிவிடும், என் இரண்டாவது பிளாக்கில் அப்படித்தான் ஆனது.

முதலில் மூன்று மூன்றாகச் சேர்த்து மூன்று வரிசை. மேல், கீழ் வரிசைகளில் தையலை மூலைச் சதுரத்துப் பக்கம் படுக்க வையுங்கள், நடுவரிசையில் நடுச்சதுரத்துப் பக்கம். இப்போது வரிசைகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் ஒரு மேடு இந்தப் பக்கம், எதிர் மேடு அந்தப் பக்கம் என்று இரண்டும் ஒன்றோடொன்று கோத்து நிற்கும். கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவினாலே இடுக்கு இல்லாமல் சேர்ந்துவிட்டது தெரியும். அந்த இடத்தில் குண்டூசி குத்தித் தையுங்கள்.

முடிந்ததும் அளங்கள். 9½ வந்ததா? நாலு பக்கமும் அளங்கள், மூலைக்கு மூலையும் அளங்கள், இரண்டு மூலைவிட்டமும் சமமாக இருந்தால்தான் சதுரம். நட்சத்திரத்தின் முனை ஒவ்வொன்றும் பிளாக்கின் வெளி ஓரத்திலிருந்து இரண்டு நூல் உள்ளே நிற்க வேண்டும். ஓரம் வரைக்கும் வந்துவிட்டால் அடுத்த பிளாக்கோடு சேர்க்கும்போது முனை தையலுக்குள் போய் மொட்டையாகிவிடும். எனக்கு முதல் புடவை பிளாக்கில் இரண்டு முனை அப்படிப் போனது, மூன்றாவதில் எதுவும் போகவில்லை.

நாலைச் சேர்க்காமல் நிறுத்தாதீர்கள்

பலரும் இங்கே நிறுத்திவிடுகிறார்கள், ஒரு பிளாக் நன்றாக வந்தால் போதும் என்று. க்வில்ட்டில் தகராறு வருவது பிளாக்குக்குள்ளே குறைவு, பிளாக்கும் பிளாக்கும் சேருகிற இடத்தில்தான் அதிகம். நாலு தைத்து இரண்டுக்கு இரண்டாகச் சேருங்கள். 18½ அங்குலம் வர வேண்டும்.

நான் சேர்த்தபோது அளவு வந்துவிட்டது, ஆனால் சேருகிற ஒவ்வொரு இடத்திலும் குமிழ் மாதிரி ஒரு மேடு. எல்லா பிளாக்கிலும் தையலை ஒரே மாதிரி படுக்க வைத்திருந்ததால், பக்கத்து பிளாக்கின் மேடும் இந்த பிளாக்கின் மேடும் ஒரே பக்கம் வந்து ஒன்றன்மேல் ஒன்று ஏறி உட்கார்ந்துவிட்டன. ஊசி அந்த இடத்தில் திணறியது. இரண்டு நாள் பிளாக்குகளைத் திருப்பித் திருப்பி வைத்துப் பார்த்ததில் வழி கிடைத்தது. வரிசைகளைச் சேர்க்கிற இரண்டு நீளத் தையலையும் நடுவரிசைப் பக்கம் படுக்க வைக்க வேண்டும். அப்புறம் ஒன்று விட்டு ஒரு பிளாக்கைக் கால் சுற்று திருப்பி வைக்க வேண்டும். இந்த நட்சத்திரம் கால் சுற்று திருப்பினாலும் அதே மாதிரிதான் தெரியும், அதனால் பார்வைக்கு எந்த மாற்றமும் இல்லை, ஆனால் ஒரு பிளாக்கின் குட்டைத் தையலும் அடுத்ததன் நீளத் தையலும் எதிரெதிராக வந்து அழகாகக் கோத்துக்கொள்ளும். 54 பிளாக்கையும் தைத்த பிறகு இது தெரிந்திருந்தால் எத்தனை தையலைப் பிரித்திருக்க வேண்டும்!

துவைத்துப் பார்ப்பது

நாலு பிளாக் சேர்ந்த துண்டுக்கு நடுத்துணியும் அடித்துணியும் வைத்து மூன்றடுக்காக ஆக்குங்கள். அடியில் இரண்டும் எல்லாப் பக்கமும் ஒரு அங்குலமாவது பெரிதாக இருக்கட்டும். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சேஃப்டி பின் குத்தி, நடுவிலிருந்து வெளியே என்று தையுங்கள். இந்தத் தையல் அங்குலத்துக்கு 8 போதும், நெருக்கமாகப் போட்டால் துணி விறைக்கும். மேலடுக்கு நகர்ந்து ஒரு பக்கமாக அலை அலையாக வருகிறதா என்று பாருங்கள். வந்தால் ஃபுட்டின் அழுத்தத்தைக் குறைக்க வேண்டும், இல்லாவிட்டால் மேல்துணியையும் சேர்த்துத் தள்ளுகிற வாக்கிங் ஃபுட் வாங்க வேண்டும். நடுவில் என்ன வைப்பது என்பது ஊரைப் பொறுத்தது. மும்பைக்கு என்றால் பழைய காட்டன் புடவை ஒன்றே போதும், புனேக்கு நான் கதகதப்பான மெத்துத் துணியான ஃபிளானல் வைத்தேன்.

இப்போது துவையுங்கள். வீட்டில் க்வில்ட்டை எப்படித் துவைக்கப்போகிறீர்களோ அப்படியே. ஹாஸ்டலில் யாரும் தனியாக ஊற வைத்துக் கையால் கசக்கப்போவதில்லை, அதனால் நான் மெஷினில், மற்றத் துணிகளோடு போட்டேன்.

எடுத்துப் பார்த்தபோது நடுவில் ஒரு சந்தனச் சதுரம் முழுக்க நீலமாகிக் கிடந்தது. புடவை இரண்டுக்கும் சாயம் சோதித்திருந்தேன், ஆனால் அடித்துணிக்காக ஒரு கடையில் வாங்கிய கருநீலக் காட்டனைச் சோதிக்கவில்லை. சாயம் போகாது என்று அவர்கள் சொன்னதை நம்பிவிட்டேன். அதற்கப்புறம் அந்தக் கருநீலத்தை நாலு தடவை அலசியும் வெள்ளைத் துணியில் நிறம் ஒட்டிக்கொண்டே இருந்தது. அந்தச் சதுரத்தைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன், பாட்டி கட்டின புடவை அது, ஆனால் நாலு பிளாக்கோடு போனது. முழுப் போர்வையும் அப்படி ஆகியிருக்கும். இப்போது அடித்துணிக்குச் சாயமே ஏற்றாத கோராத் துணி எடுத்திருக்கிறேன், மங்கள்தாஸ் மார்க்கெட்டில், 44 பன்னா, அதாவது 44 அங்குல அகலம். கோரா நிறையச் சுருங்கும், அதனால் இரண்டு தடவை வெந்நீரில் துவைத்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை அந்த மார்க்கெட் மூடியிருக்கும், போகிறவர்கள் கவனத்தில் வையுங்கள்.

சுருக்கமும் தெரிந்தது. 18½ இருந்தது துவைத்தபின் 17¾ ஆனது. புடவை எப்போதோ சுருங்கி முடித்துவிட்டது, துவைக்காமல் வைத்த ஃபிளானல்தான் இழுத்திருக்கிறது. அதையும் இப்போது துவைத்து வைத்திருக்கிறேன். லேசான சுருக்கம் பிடிக்கும் என்றால் துவைக்காமலும் வைக்கலாம், பழைய போர்வை மாதிரி ஒரு அழகு வரும். ஆனால் எவ்வளவு சுருங்கும் என்று தெரிந்து, முழு அளவை அதற்கேற்ப வையுங்கள்.

கணக்கும் சீட்டும்

துணிக் கணக்குக்கு வருகிறேன். 6க்கு 9, மொத்தம் 54 பிளாக், 54க்கு 81 அங்குலம். ஒரு பிளாக்குக்குச் சந்தனத்தில் 3½ அங்குலச் சதுரம் 4, 4 அங்குலச் சதுரம் 2. அரக்கில் 3½ ஒன்று, 4 இரண்டு. 44 அங்குல அகலத்தில் 3½ சதுரம் 12 வரும், 4 சதுரம் 11 வரும். சந்தனத்துக்கு 3½ அங்குலப் பட்டை 18, 4 அங்குலப் பட்டை 10, சேர்த்து 103 அங்குலம், கிட்டத்தட்ட 2.6 மீட்டர். அரக்குக்கு 57½ அங்குலம், ஒன்றரை மீட்டருக்குள். புடவை ஐந்தரை மீட்டர். நைந்த இடங்களை ஒதுக்கினாலும் வெள்ளோட்டத்துக்கு ஐந்து பிளாக் எடுப்பதால் ஒன்றும் குறைந்துவிடாது. உங்கள் பிளாக்குக்கும் இந்த மாதிரி போட்டுப் பாருங்கள், பயம் போய்விடும்.

நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். என் முதல் பிளாக்குக்கு 50 நிமிஷம், நாலாவதுக்கு 35. 54 பிளாக்குக்கு 35 நிமிஷம் என்றால் முப்பத்தொன்றரை மணி நேரம், ராத்திரி சமையல் முடிந்து ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் ஒரு மாதம். இன்று ஏப்ரல் முதல் வாரம். மூன்றடுக்காக்கித் தைக்க மே மாதம் இருக்கிறது.

ஒவ்வொரு வெள்ளோட்ட பிளாக்கின் பின்னாலும் ஒரு மாஸ்கிங் டேப் துண்டில் எழுதி ஒட்டிவையுங்கள்: தேதி, ஊசி நம்பர், அங்குலத்துக்கு எத்தனை தையல், கஞ்சி உண்டா இல்லையா, வந்த அளவு, எது தப்பியது. டேப் சுவர் எந்த இடத்தில் இருந்தது என்பதை மெஷின் தட்டிலேயே மெல்லிய மார்க்கரால் கோடு போட்டு வையுங்கள், வீட்டில் வேறு யாராவது தலையணை உறை தைக்க டேப்பைப் பிய்த்தாலும் திரும்ப அதே இடத்தில் ஒட்டலாம். ஊசியை மாற்றினாலோ வேறு துணிக்குப் போனாலோ மூன்று பட்டையை மறுபடி தைத்துப் பாருங்கள்.

நீலம் பிடித்த நாலு பிளாக்கை எறியவில்லை, ஓரம் மடித்துத் தைத்து மெஷினுக்கு மூடுதுணியாகப் போட்டிருக்கிறேன். ஐந்தாவதாக ஒன்று நேற்று ராத்திரி தைத்தேன், நீளத் தையலை உள்பக்கம் படுக்க வைத்து. 9½ சரியாக வந்தது, நாலு முனையும் இரண்டு நூல் உள்ளே நின்றது. அது க்வில்ட்டிலேயே சேருகிறது. மீதி 53. நாளைக்குக் கஞ்சி போட வேண்டும்.